வெள்ளைப் பந்து எங்க போய் நிக்கும்? ஃபிலிப்பினோ பில்லியர்ட்ஸ், முதல்ல இருந்து

ஃபிலிப்பைன்ஸ் பில்லியர்ட்ஸ் ஆட்டக்காரர் எஃப்ரென் ரேயஸ் அடிச்ச ஷாட் வீடியோ ஒன்னு எங்க க்ரூப்புல வந்துட்டா போதும், அன்னிக்கு பூரா அதே பேச்சுதான். மந்திரவாதின்னு ஒருத்தர், அதிர்ஷ்டம்னு ஒருத்தர், கைய லூஸா வீசி அடிக்கறதுதான் ஃபிலிப்பினோ ஸ்டைலுன்னு ஒருத்தர், சைடு ஸ்பின் போட்டா பால் வளைஞ்சு வளைஞ்சு போகும்னு இன்னொருத்தர். அடுத்த நாள் க்ளப்புக்குப் போனா புதுசா கத்துக்க வந்த பசங்க அந்தக் கைவீச்ச அப்படியே காப்பி அடிச்சுட்டு இருக்காங்க, நேரா இருக்கற பால் கூட விழ மாட்டேங்குது, ரெண்டு வாரத்துல வெறுத்துப் போய் வர்றதையே நிறுத்திடறாங்க. இதப் பாக்கறப்ப எனக்கு நெஜமாவே கஷ்டமா இருக்கு. அந்த ஆட்டம் யாருக்கும் புரியாத வித்தை ஒன்னும் கெடையாது, அதுக்குப் பின்னாடி இருக்கற கணக்க பொறுமையா எடுத்துச் சொன்னா பத்தாவது படிக்கற பையனுக்கும் புரியும்.

நான் ஃபிலிப்பைன்ஸ்ல இருக்கற டவாவோல டாக்டருக்குப் படிச்சவன். நம்ம ஊர்ல இருந்து அங்க படிக்கப் போனவங்க நெறய பேர் இருக்காங்க, அவங்களுக்குத் தெரியும், தெருவுக்குத் தெரு தகரக் கூரை போட்ட ஒரு பில்லியர்ட்ஸ் கடை இருக்கும், ரெண்டு டேபிள், மேல ஒரு ட்யூப்லைட்டு, பக்கத்துலயே கோழி வறுத்து விக்கறவங்க. அங்கதான் ஒரு பெரியவர் எனக்கு இந்த ஆட்டத்தக் காமிச்சுக் குடுத்தாரு. அவர எல்லாரும் மனோங்னு கூப்புடுவாங்க, வயசுல மூத்தவங்கள அங்க அப்படித்தான் கூப்புடறது. அவர் சொன்னதையும் அதுக்கப்புறம் நான் படிச்சுப் புரிஞ்சுக்கிட்டதையும் வெச்சு முதல்ல இருந்து எழுதறேன்.

கேரம் தெரியுமா? அங்க இருந்தே ஆரம்பிப்போம்

கேரம்ல ஸ்ட்ரைக்கர அடிக்கறோம், காய் விழுது, அப்புறம் என்ன பண்றோம்? ஸ்ட்ரைக்கரக் கையில எடுத்து நம்ம கோட்டுல நமக்கு வசதியான எடத்துல வெச்சுட்டு அடுத்த காய்க்குப் போறோம். ஸ்ட்ரைக்கர் எங்க போய் நின்னுச்சுங்கறத யாரும் கண்டுக்கறதே இல்ல, குழிக்குள்ள விழாம இருந்தா சரி.

பில்லியர்ட்ஸ் டேபிள்ல அந்த வசதி கெடையாது. நாம குச்சியால அடிக்கறது ஒரே ஒரு வெள்ளைப் பந்ததான். அது எங்க போய் நிக்குதோ அங்க இருந்துதான் அடுத்த அடி. யோசிச்சுப் பாருங்க, கேரம்ல ஸ்ட்ரைக்கர் நின்ன எடத்துல இருந்தே அடுத்த காய அடிக்கணும்னு ரூல் வந்தா ஆட்டமே தலைகீழா மாறிடும்ல? காய விழ வைக்கறது பாதி வேலை, ஸ்ட்ரைக்கர சரியான எடத்துல கொண்டு போய் நிறுத்தறது மீதி பாதின்னு ஆகிடும். வெள்ளைய அடுத்த ஷாட்டுக்குத் தோதான எடத்துல நிறுத்தறதுக்குப் பேருதான் பொசிஷன். இந்த ஒரு வார்த்தைய நல்லா புடிச்சுக்கோங்க, ஃபிலிப்பினோ ஸ்டைலுன்னு நாம சொல்றது முக்கால்வாசி இதப் பத்தினதுதான்.

அந்த ஸ்டைல் எங்க இருந்து வந்துச்சு: ரொட்டேஷன்

நம்ம ஊர் க்ளப்புல ஸ்னூக்கர்தான் அதிகம், அப்புறம் 8-பால். டிவில வர்ற பெரிய டோர்னமென்ட் பலதும் 9-பால், அதாவது ஒன்பது பந்த வெச்சு சின்ன நம்பர்ல இருந்து வரிசையா அடிக்கறது. ஆனா ஃபிலிப்பைன்ஸ் தெருக்கடைல காலங்காலமா ஆடிட்டு வர்றது ரொட்டேஷன்னு ஒரு ஆட்டம். இத புரிஞ்சுக்கிட்டா அவங்க ஏன் அப்படி ஆடறாங்கங்கற கேள்விக்குப் பாதி பதில் கெடச்சுடும்.

ரொட்டேஷன்ல 1 முதல் 15 வரைக்கும் எல்லாப் பந்தும் டேபிள்ல இருக்கும். எப்பவுமே இருக்கறதுலயே சின்ன நம்பர் பந்துலதான் வெள்ளை முதல்ல படணும். எந்தப் பந்த விழ வைக்கறோமோ அதோட நம்பர்தான் பாயிண்ட். 15 பந்தையும் கூட்டினா 120, அதனால 61 யாரு முதல்ல எடுக்கறாங்களோ அவங்க ஜெயிச்சாங்க.

இப்ப ஒரு சின்னக் கூட்டல் போட்டுப் பாருங்க. 1ல இருந்து 10 வரைக்கும் கூட்டினா 55. 11ல இருந்து 15 வரைக்கும் கூட்டினா 65. அதாவது முதல் பத்து பந்தையும் நீங்களே போட்டுட்டு கடைசி அஞ்ச எதிராளி போட்டா நீங்க தோத்தீங்க! டவாவோல முதல் மாசம் எனக்கு இது புரியவே இல்ல, 1, 2, 3னு வரிசையா போட்டுட்டு சந்தோஷமா நிப்பேன், அந்த மனோங் பேசாம ஒரு ஓரமா உக்காந்திருப்பாரு, கடைசில எந்திரிச்சு வந்து அஞ்சு பந்து போட்டுட்டு டேபிள் காசு என்னயக் கட்டச் சொல்லுவாரு. தோத்தவன்தான் டேபிள் காசு கட்டணும், அது அங்க வழக்கம்.

இதுல கஷ்டம் என்னன்னா, 15 பந்து கூட்டமா நிக்கறப்ப அந்த ஒரு குறிப்பிட்ட சின்ன நம்பர் பந்துக்கு நேர் வழி இருக்கவே இருக்காது, நடுவுல ஏதாச்சும் ஒன்னு மறைச்சுட்டு நிக்கும். 8-பால்னா நம்ம ஏழு பந்துல எது வசதியோ அத அடிக்கலாம். இங்க அந்தப் பேச்சே கெடையாது. அதனால சின்ன வயசுல இருந்தே அந்தப் பசங்களுக்கு டேபிள் ஓரத்து ரப்பர் சுவத்துல மோதித் திரும்பி வர்றது, கூட்டத்துக்கு நடுவுல வெள்ளைய ஒரு சந்துல நுழைச்சு எடுத்துட்டு வர்றதெல்லாம் தெனப்படி வேலை. நாம வீடியோல பாத்து வாயப் பொளக்கற ஷாட்டு அவங்களுக்கு தெனமும் கடைக்குப் போற வழி மாதிரி.

வார்த்தைகளப் பாத்தாலே ஆட்டம் அங்க எவ்வளவு பழசுன்னு தெரியும். குச்சிக்கு தாகோ, குச்சி நுனில தேய்க்கற சாக்பீஸுக்கு தீசா, டேபிள் ஓரத்து ரப்பர் சுவருக்கு பண்டா, மூனுமே ஸ்பானிஷ்ல இருந்து வந்து தங்கிட்ட வார்த்தைங்க. ஸ்பின்னுக்கு பெக்டுஸ்னு சொல்லுவாங்க. பந்தயத்துக்கு புஸ்தா, ஆட்டம் தெரியாதவனுக்கு விட்டுக் குடுக்கற சலுகைக்கு பார்திதா.

இதுவரைக்கும் பாத்தத சுருக்கமா சொல்லணும்னா, வெள்ளை நின்ன எடத்துல இருந்துதான் அடுத்த அடிங்கறதால பொசிஷன்தான் ஆட்டம், ரொட்டேஷன்ல நேர் வழி அடிக்கடி அடைச்சுக்கறதால அவங்க சுத்து வழி நெறய கத்துக்கிட்டாங்க.

மந்திரம்னு பேர் வந்த ஆளு

எஃப்ரென் ரேயஸ் 1954ல பம்பாங்கால பொறந்தவர். அஞ்சு வயசுல மணிலாவுக்கு மாமா வீட்டுக்கு அனுப்பிட்டாங்க, அந்த மாமா ஒரு பில்லியர்ட்ஸ் கடைய பாத்துக்கிட்டு இருந்தாரு. பகல்ல கடை வேலை, ராத்திரி அதே டேபிள் மேல தூக்கம். டேபிள் எட்டாதுன்னு கோக்கோ கோலா பெட்டி மேல ஏறி நின்னு அடிச்சுப் பழகினாருன்னு அவரே பேட்டில சொல்லியிருக்காரு. "பாத்தா"ங்கற பட்டப்பேரு, அதாவது சின்னப்பையன், அவருக்கு வந்ததுக்குக் காரணம் அங்க ஏற்கனவே இன்னொரு மூத்த எஃப்ரென் ஆடிட்டு இருந்தது.

1985ல அமெரிக்காவுக்கு சீசர் மோரலஸ்னு வேற பேர்ல போய் ஹூஸ்டன்ல ஆடி எல்லாரையும் அசத்தினாரு. 1994ல யூஎஸ் ஓபன் 9-பால் ஜெயிச்சாரு, அமெரிக்கர் இல்லாத ஒருத்தர் அத ஜெயிச்சது அதுதான் முதல் தடவை. 1996ல ஹாங்காங்ல அமெரிக்க ஆட்டக்காரர் எர்ல் ஸ்ட்ரிக்லண்டோட 120 ரேக் ரேஸ், அதாவது 120 ஆட்டம் யாரு முதல்ல ஜெயிக்கறாங்கன்னு போட்டி, மூனு நாளு நடந்துச்சு, 120-117னு இவர் ஜெயிச்சாரு. 1999ல கார்டிஃப்ல 9-பால் உலக சாம்பியன், 2004ல 8-பால் உலக சாம்பியன்.

ஆனா இது ஒரே ஒருத்தரோட கைராசின்னு நெனச்சுடக் கூடாது, அதுக்காகத்தான் மத்தவங்களையும் சொல்றேன். 2006ல ரோனி அல்கானோ, 2010ல ஃபிரான்சிஸ்கோ புஸ்தமாந்தே, 2017லயும் திரும்ப 2025லயும் கார்லோ பியாடோ, எல்லாரும் 9-பால் உலக சாம்பியன். பெண்கள்ல ரூபிலென் அமித் 2009லயும் 2013லயும் 10-பால் உலகப் பட்டம், 2024ல நியூசிலாந்துல 9-பால் பட்டம். ஒரு நாட்டுல இருந்து தலைமுறை தலைமுறையா இத்தனை பேர் வர்றாங்கன்னா அது சொல்லிக் குடுக்கக் கூடிய, கத்துக்கக் கூடிய ஒன்னாதான் இருக்கணும், இல்லையா?

வெள்ளை மோதினதுக்கு அப்புறம் எங்க போகும்

இப்ப உள்ள நடக்கற விஷயத்துக்கு வருவோம், இந்தப் பகுதிய மட்டும் அவசரப்படாம படிங்க.

கோலி ஆடியிருக்கீங்களா? ஒரே சைஸ் கோலிய நல்லா குறி பாத்து நேரா நச்சுன்னு அடிச்சா, அடிபட்டது தெறிச்சு ஓடும், நம்மது அந்த எடத்துலயே நிக்கும். ரெண்டும் ஒரே எடைங்கறதால நம்ம கோலியோட வேகம் மொத்தமும் அதுக்குப் போயிடுது. கேரம்ல அப்படி நடக்காது, ஸ்ட்ரைக்கர் காய விட ரொம்ப கனம், அதனால அடிச்சுட்டும் முன்னாடி போகும். பில்லியர்ட்ஸ் பந்துங்க கோலி மாதிரி, எல்லாம் கிட்டத்தட்ட ஒரே எடை.

ஆனா ஒரு நிபந்தனை இருக்கு. மோதற நேரத்துல வெள்ளை உருளாம வழுக்கிட்டுப் போகணும். சைக்கிள்ல பிரேக்க இறுக்கிப் புடிச்சா சக்கரம் சுத்தாம தேய்ச்சுக்கிட்டே போகும்ல, அந்த மாதிரி. அப்படிச் சுத்தல் இல்லாம வழுக்கி வந்து மோதறதுக்குப் பேரு ஸ்டன். நேரா மோதினா வெள்ளை அங்கயே நிக்கும். சாய்வா மோதினா? அடிபட்ட பந்து போற திசைக்கு சரியா 90 டிகிரில வெள்ளை பிரிஞ்சு போகும். இந்த 90 டிகிரிதான் எல்லாத்துக்கும் அஸ்திவாரம்.

வெள்ளை உருண்டுக்கிட்டே வந்து மோதினா கதை மாறும். முன்னாடி உருளற சுத்தல் மிச்சம் இருக்கறதால மோதினதுக்கு அப்புறமும் அது முன்னாடி போகப் பாக்கும். இதுக்கு ஃபாலோன்னு பேரு. பந்தோட மேல் பாதில அடிச்சா வரும், அது இல்லாம மெதுவா அடிச்சாலும் தூரம் போகப் போக தானாவே உருள ஆரம்பிச்சுடும். இப்படி உருண்டு வந்து ஏறக்குறைய பாதி பந்து அளவுக்கு மோதினா, வந்த பாதைல இருந்து சுமார் 30 டிகிரி விலகிப் போகும். ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் இயல்பா விரிச்சு வி மாதிரி வெச்சுக்கோங்க, அந்த இடைவெளிதான் கிட்டத்தட்ட 30 டிகிரி. ஒரு விரல வந்த பாதைல வெச்சா இன்னொரு விரல் காட்டற பக்கம் வெள்ளை போகும். டேபிள்ல போய் நாலு தடவ வெச்சுப் பாருங்க, நம்பவே முடியாத அளவுக்கு சரியா வரும்.

மூனாவது, பந்தோட கீழ் பாதில அடிச்சா பின்னாடி சுத்திக்கிட்டே போகும், மோதினதும் நம்மகிட்ட திரும்பி வரும். நம்ம ஊர் ஸ்னூக்கர் ஆளுங்க இத ஸ்க்ரூன்னு சொல்லுவாங்க.

சுருக்கம்: நடுவுல வழுக்கினா 90 டிகிரி, உருண்டு வந்தா 30, கீழ அடிச்சா பின்வாங்கும். இந்த மூனையும் வேகத்தக் கூட்டிக் கொறச்சு கலந்தா வெள்ளைய ஏறக்குறைய எந்தப் பக்கம் வேணா அனுப்பலாம். சைடு ஸ்பின்ன நாம இன்னும் தொடவே இல்ல, கவனிச்சீங்களா?

சைடு ஸ்பின்: எல்லாரும் தப்பாப் புரிஞ்சுக்கற எடம்

வெள்ளைய இடது பக்கமாவோ வலது பக்கமாவோ தள்ளி அடிச்சா அது பம்பரம் மாதிரி சுத்தும். இதத்தான் சைடுன்னு சொல்றோம். இத போட்டா பால் காத்துல ஸ்விங் ஆகற மாதிரி வளையும்னு பல பேர் நெனைக்கறாங்க. குச்சி கிட்டத்தட்ட படுத்த மாதிரி இருக்கற சாதாரண ஷாட்டுல அந்த வளைவு ரொம்பக் கொஞ்சம்தான்.

கிரிக்கெட்ட வெச்சே சொல்றேன். ஸ்பின் பவுலர் போட்ட பந்து எப்ப திரும்புது? பிட்ச்ல பட்டதுக்கு அப்புறம்தான். பில்லியர்ட்ஸ்ல சைடுக்கு பிட்ச் எதுன்னா குஷன், அதாவது அந்த ரப்பர் சுவர். வெள்ளை குஷன்ல பட்ட நொடில அந்தச் சுத்தல் ரப்பரப் புடிச்சு பந்த ஒரு பக்கமாத் தள்ளும். போற பக்கமே தள்ளினா கோணம் விரியும், வேகமும் செத்துப் போகாம ஓடும், அதுக்கு ரன்னிங் சைடுன்னு பேரு. எதிர்ப்பக்கம் தள்ளினா கோணம் சுருங்கும், வேகமும் கொறையும், அது ரிவர்ஸ் சைடு.

ஃபிலிப்பினோ ஆட்டக்காரங்க பெக்டுஸ் நெறய போடறாங்கன்னா காரணம் இதுதான், அவங்களுக்கு வெள்ளைய ரெண்டு குஷன் மூனு குஷன் சுத்தி எடுத்துட்டு வர வேண்டியிருக்கு, ஒவ்வொரு குஷன்லயும் கோணத்தக் கொஞ்சம் விரிக்கவோ சுருக்கவோ வேண்டியிருக்கு.

ஆனா சைடு சும்மா கெடைக்காது, அதுக்கு ஒரு விலை இருக்கு. பந்த ஓரத்துல அடிக்கறப்ப குச்சி அத கொஞ்சம் எதிர்ப்பக்கமா தள்ளிவிட்டுடும். இடது பக்கம் அடிச்சா வெள்ளை குறி வெச்ச கோட்ட விட்டு துளியூண்டு வலப்பக்கமா கிளம்பும். இதத்தான் டிஃப்ளெக்‌ஷன்னு சொல்றாங்க. நாம பாத்துப் பாத்து வெச்ச குறி, அடிச்ச நொடில மாறிடுது. அனுபவம் உள்ளவங்க அதுக்கு ஏத்த மாதிரி குறியவே கொஞ்சம் நகத்தி வெச்சு அடிப்பாங்க, வருஷக்கணக்குல பழகின பழக்கம் அது. புதுசா வர்ற பையன் அது தெரியாம சைடு மட்டும் போட்டா நேரா இருக்கற பாலும் பாக்கெட்டோட வாய்ல இடிச்சுட்டுதான் நிக்கும். அதனால என் கருத்து என்னன்னா, முதல் மூனு மாசம் சைடையே தொடாதீங்க. குஷன் சுத்தி வர்றதுல நெறயவற்ற ஸ்டன், ஃபாலோ, வேகம் இத மட்டும் வெச்சே பண்ணலாம்.

கிக்: சுவத்துல முட்டி அடிக்கற கணக்கு

ரெண்டு வார்த்தை இங்க குழம்பும். அடிக்க வேண்டிய பந்து குஷன்ல மோதி பாக்கெட்டுக்குப் போனா அது பேங்க். வெள்ளையே முதல்ல குஷன்ல மோதிட்டு அப்புறம் பந்துக்குப் போனா அது கிக். ரேயஸ உலகமே கொண்டாடறது கிக்குக்காகத்தான்.

ஒரு குஷன் கிக் எப்படின்னு பாப்போம். கண்ணாடி முன்னாடி நின்னு பின்னாடி இருக்கற ஆளப் பாக்கறோம்ல, வெளிச்சம் எந்தக் கோணத்துல போய்ப் படுதோ அதே கோணத்துல திரும்பி வருது. குஷனும் ஏறக்குறைய அப்படித்தான். வெள்ளையும் அடிக்க வேண்டிய பந்தும் குஷன்ல இருந்து ஒரே தூரத்துல இருந்தா ரெண்டுக்கும் நடு மத்தில குஷன்ல அடிச்சா போதும்.

தூரம் வேற வேறன்னா? டேபிள் விளிம்புல சின்னச் சின்னப் புள்ளி இருக்கும் பாருங்க, அது அலங்காரத்துக்கு வெச்சது இல்ல, அளக்கறதுக்கு. அதுக்கு டைமண்டுன்னு பேரு. 9 அடி டேபிள்ல ரெண்டு டைமண்டுக்கு நடுவுல பன்னண்டரை அங்குலம். வெள்ளை குஷன்ல இருந்து ரெண்டு டைமண்டு தள்ளி இருக்கு, அடிக்க வேண்டிய பந்து ஒரு டைமண்டுதான் தள்ளி இருக்கு, குஷன் ஓரமா அளந்தா ரெண்டுக்கும் நடுவுல மூனு டைமண்டு தூரம்னு வெச்சுக்கோங்க. அந்த மூன 2:1னு பிரிச்சு, வெள்ளை பக்கத்துல இருந்து ரெண்டு டைமண்டு தள்ளி இருக்கற எடத்துல குறி வைக்கணும். அவ்வளவுதான் கணக்கு.

கண்ணாடி மாதிரின்னு சொன்னேன், ஆனா ரப்பர் கண்ணாடி கெடையாது. வேகமா அடிச்சா ரப்பர் அமுங்கி கோணம் சுருங்கிடும், மெதுவா உருட்டிவிட்டா கொஞ்சம் விரியும். ஒவ்வொரு டேபிளும் ஒவ்வொரு மாதிரி வேற. அதனால மனோங் எந்த டேபிளுக்குப் போனாலும் ஆட்டம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி வெள்ளைய மட்டும் வெச்சு ஒரு குஷன், ரெண்டு குஷன், மூனு குஷன்னு சும்மா ஓட விட்டுப் பாப்பாரு. ஓடற பந்த கண்ணுல பாக்கறத விட காதுலதான் கவனிப்பாரு, ரப்பர் செத்துப் போயிருந்தா சத்தம் மொத்துன்னு வரும்னு சொல்லுவாரு.

மூனு குஷன் போறப்ப பழைய ஆளுங்க ஒரு கழித்தல் கணக்கு வெச்சிருக்காங்க, ஒவ்வொரு டைமண்டுக்கும் ஒரு நம்பர், வெள்ளை கிளம்பற எடத்து நம்பர்ல இருந்து போய்ச் சேர வேண்டிய எடத்து நம்பரக் கழிச்சா முதல் குஷன்ல எங்க குறி வைக்கணும்னு வரும். மூலைல இருந்து கிளம்பினா 5, மூனாவது குஷன்ல சேர வேண்டியது 2ன்னா, குறி 3. இதோட விவரம் இப்ப வேண்டாம், இப்படி ஒன்னு இருக்குன்னு தெரிஞ்சா போதும். பாக்கெட்டே இல்லாத டேபிள்ல மூனு குஷன் தொட்டு அடிக்கற கேரம் பில்லியர்ட்ஸ்னு ஒரு ஆட்டம் இருக்கு, ரேயஸ் அதையும் சின்ன வயசுலயே ஆடினவர், இந்தக் கணக்கெல்லாம் அந்த ஆட்டத்துல இருந்து வந்ததுதான்.

இப்ப அந்த பேர் போன இசட் ஷாட்டுக்கு வருவோம். 1995, ரீனோ நகரம், எதிர்ல அதே ஸ்ட்ரிக்லண்ட், கடைசி ரேக். 5ஆம் நம்பர் பந்த அடிச்சே ஆகணும், ஸ்ட்ரிக்லண்ட் அத மத்த பந்துக்குப் பின்னாடி நல்லா ஒளிச்சு வெச்சுட்டாரு. ஏதோ தொட்டா போதும், ஃபவுல் ஆகாம இருந்தா சரின்னுதான் யாரும் நெனைப்பாங்க. ரேயஸ் வெள்ளைய இந்த நீளக் குஷன்ல ஒரு முட்டு, எதிர்க் குஷன்ல ஒரு முட்டுன்னு இசட் எழுத்து போட்ட மாதிரி அனுப்பி 5அ பாக்கெட்ல போட்டாரு, அதோட விடாம வெள்ளை 6க்கு தோதான எடத்துல வந்து நின்னுச்சு. மேட்ச்சும் அவருக்கே. எல்லாரும் அந்த 5 விழுந்ததையே திரும்பத் திரும்பப் பாக்கறாங்க, நான் பாக்கறது அதுக்கப்புறம் வெள்ளை ஓடற அந்த ஒன்னு ரெண்டு செகண்டு. ரொட்டேஷன்ல வளந்த ஆளுக்கு கிக் அடிக்கறப்ப கூட அடுத்த பந்துதான் மனசுல இருக்கும்.

அந்தக் கைவீச்சு

இப்ப கை விஷயம். புஸ்தமாந்தே ஆடறதப் பாருங்க, குறி வைக்கறப்ப குச்சியோட டிப், அதாவது நுனி, டேபிள் துணிய தொடற மாதிரி கீழ இருக்கும், குச்சிய முன்னாடி தாங்கற பிரிட்ஜ் கைக்கும் பந்துக்கும் நடுவுல நீளமான இடைவெளி, குச்சிய ரொம்ப தூரம் பின்னாடி இழுத்து ஊஞ்சல் மாதிரி ஆட்டி, கடைசி நொடில டிப் மேல ஏறி தனக்கு வேணுங்கற எடத்துல போய்ப் படும்.

ஏன் இப்படி? அங்க பொதுவா சொல்ற காரணம், ஊரு முழுக்க ஈரக்காத்து, தெருக்கடைல பழைய தடி துணி, பந்து சேத்துல போற மாதிரி மெதுவாதான் போகும், அதனால வெள்ளைய மூனு குஷன் ஓட்டணும்னா நீளமான வீச்சு வேணும். டவாவோல மழை வந்த சாயங்காலம் ஆடினவன்ங்கற முறைல இத நான் முழுசா நம்பறேன், காலைல ரெண்டு டேபிள் நீளம் போன அதே அடி சாயங்காலம் ஒன்றரைதான் போகும்.

ஆனா அந்த வீச்சுல காப்பி அடிக்க வேண்டியது பிடியோட தளர்வுதான். குச்சிய இறுக்கிப் புடிச்சா அடிக்கற நொடில மணிக்கட்டு திரும்பிடும், டிப் பந்துல வேற எடத்துல படும், ஸ்டன் வர வேண்டிய எடத்துல ஃபாலோ வந்துடும். நான் முதல் வாரம் குச்சிய கடப்பாரை மாதிரி புடிச்சிருந்தேன். மனோங் எதுவும் பேசாம பின்னாடி வந்து என் பின் கையோட மோதிர விரலையும் சுண்டு விரலையும் ஒவ்வொன்னா பிரிச்சு விட்டாரு, மூனே விரல்ல குச்சி தொங்கிச்சு. "ஹினாய் லங், டோங்"னாரு. மெதுவா, தம்பி. அந்த அடில வெள்ளை என்னிக்கும் போகாத தூரம் போச்சு, நான் அடிச்ச மாதிரியே எனக்குத் தெரியல.

நீளமான பிரிட்ஜு, டிப் கீழ இருந்து ஏறி வர்றதெல்லாம் பல வருஷம் ஒரே மாதிரி பண்ணிப் பண்ணி அவங்க உடம்புல ஊறிப்போனது, அத முதல் நாளே எடுத்துக்கிட்டா அடி எங்க படுதுன்னே தெரியாம போயிடும். நீங்க பிரிட்ஜுக்கும் பந்துக்கும் நடுவுல ஒரு சாண் வெச்சுக்கோங்க, குச்சிய விழாம தாங்கற அளவுக்கு மட்டும் புடிச்சுக்கோங்க.

சுருக்கம்: கிக்குக்கு கண்ணாடிக் கணக்கு, டைமண்டுதான் அளவுகோல், சைடு வேலை செய்யற எடம் குஷன், கைல தளர்வு வேணும், வீச்சோட அழகு அப்புறமா தானா வரும்.

எதுல ஆரம்பிக்கலாம்

முதல்ல நேர் ஸ்டன். ஒரு பந்த பாக்கெட்டுக்கு நேரா வெச்சு, வெள்ளைய ரெண்டு அடி தள்ளி வெச்சு, பந்து விழணும், வெள்ளை மோதின எடத்துலயே அசையாம நிக்கணும். தூரம் கூடக் கூட நடுவ விடக் கொஞ்சம் கீழ அடிச்சாதான் மோதற நேரத்துல வழுக்கலா இருக்கும், இத நீங்களே கண்டுபிடிப்பீங்க. இது பத்துக்கு எட்டு வர்ற வரைக்கும் வேற எதுவும் வேண்டாம்னு சொல்லுவேன், போர் அடிக்கும்தான், ஆனா இதுல ஒரு வாரம் செலவு பண்ணினா பின்னாடி ஆறு மாசம் மிச்சம்.

அப்புறம் சாய்வா வெச்சு 90 டிகிரி, 30 டிகிரி ரெண்டையும் மாத்தி மாத்தி. அதுக்கப்புறம் ஒரு குஷன் கிக், தினம் ஒரு கால் மணி நேரம், பாக்கெட்ல விழணும்னு இல்ல, பந்துல பட்டா போதும்.

இதெல்லாம் ஓரளவு கைக்கு வந்ததும் 15 பந்தையும் கொட்டி தனியா ரொட்டேஷன் ஆடுங்க. இங்கதான் மனோங் எனக்கு வெச்ச பயிற்சிய சொல்லணும். ஒரு சின்னத் துண்டுப் பேப்பர், சிகரெட் அட்டைல கிழிச்சது, அத என் கைல குடுத்து ஒவ்வொரு அடிக்கும் முன்னாடி வெள்ளை எங்க நிக்கும்னு நெனைக்கறியோ அங்க வைன்னாரு. வெச்சுட்டு அடிக்கணும். பந்து விழுந்துச்சா இல்லையாங்கறத அவர் பாக்கவே மாட்டாரு, நேரா அந்தப் பேப்பர்கிட்ட போய் வெள்ளைக்கும் அதுக்கும் எவ்வளவு தூரம்னு சாண் போட்டு அளப்பாரு. முதல் நாள் எல்லாமே நாலு சாண், அஞ்சு சாண். ஒரு பருவம் முடிஞ்சு பரீட்சை வந்த சமயத்துல ஒரு சாணுக்கு வந்திருந்துச்சு, அன்னிக்குதான் முதல் தடவையா கடைசி அஞ்சு பந்துல 14ம் 15ம் எனக்குக் கெடச்சுச்சு, டேபிள் காசு அவர் கட்டினாரு.